முந்திரிக்கொட்டை டீச்சரும் பேசாத பாரமும்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். அதற்கப்புறம் ஒரு வகுப்பறைக்குள் போனேன் என்றால் படிக்கப் போகவில்லை, பாடமாகப் போனேன். பட்டம் வாங்கியவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இயற்பியல் வகுப்பில் பலகைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தானே பாடமாக ஆனவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

ஆனால் இது என் கதை இல்லை, என் மருமகள் கதை. என் கதையை எடுத்தால் இந்தப் பக்கங்கள் போதாது. ஆகவே தேவைப்படும் இடத்தில் மட்டும் என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறேன்.

தேவைப்படும் முதல் இடம் இது. வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது என் தொழில். தலையில் சும்மாடு வைத்து ஆரம்பித்தவன். இன்று என் பெயர் எழுதிய வண்டிகள் வாசலில் வரிசையாக நிற்கின்றன. தொழிலை மகன் பார்த்துக்கொள்கிறான் என்று ஊரில் பேச்சு. அவன் பார்த்துக்கொள்வதை நான் பார்த்துக்கொள்கிறேன். அவன் அதிகம் பேச மாட்டான். இந்த வீட்டுக்கு ஒதுக்கிய பேச்சையெல்லாம் நானே பேசித் தீர்த்துவிட்டதால் அவனுக்கு மிச்சம் இல்லையென்று என் மனைவி சொல்வாள்.

அந்தக் குறையைத் தீர்க்க வந்தவள்தான் மருமகள். தண்ணீர் மோட்டார் செய்யும் தொழிற்சாலையில், வரைபடப் பிரிவில் வேலை பார்த்தவள். அங்கே மேலாளர் கேள்வி கேட்டால், கேள்வி முடிவதற்குள் பதில் வந்தாக வேண்டுமாம். ஒரு மூச்சு தாமதித்தாலும், "என்னம்மா, வீட்ல தூங்கலையா?" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போடுவாராம். பல வருஷம் அப்படி வேலை பார்த்ததில், கேள்வியின் வாலைப் பார்க்காமலே தலையை வைத்துப் பதில் சொல்லும் வித்தை அவளுக்கு வந்துவிட்டது.

வீட்டிலும் அதே கதைதான். என் மனைவி சமையலறையில் நின்று "அந்த..." என்று இழுப்பாள். கூடத்திலிருந்து இவள், "ரெண்டாவது தட்டுல, டப்பாவுக்குப் பின்னாடி, அத்தை" என்பாள். என்ன தேடுகிறோம் என்று அத்தைக்கே அப்போதுதான் நினைவு வரும். நான் பழைய அனுபவம் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால், பியானோவை மாடிப்படியில் தனியாக இறக்கிய கட்டம் வருவதற்குள், "அப்புறம் அந்த வீட்டம்மா உங்களைப் பார்த்து மூக்குல விரல் வச்சாங்க, அதானே மாமா?" என்று முடித்துவிடுவாள். ஒரு மனிதன் எழுப்பிய கோபுரத்துக்குக் கலசம் வைக்கும் நேரத்தில் இப்படியா செய்வது? முந்திரிக்கொட்டை என்று அவளுக்குப் பெயர் வைத்தது என் மனைவி. வாய் நிறையச் சிரிப்போடுதான் வைத்தாள்.

ஒரு நாள் அந்தத் தொழிற்சாலையை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். மருமகள் சில மாதம் வீட்டில் இருந்தாள். அந்தச் சில மாதமும் எங்கள் வீட்டில் ஒருவர் வாக்கியமும் முழுசாக வெளியே வரவில்லை. பிறகு ஒரு மாலை வந்து நின்றாள்.

"மாமா, டீச்சர் ட்ரெய்னிங் சேரப்போறேன். ஹைஸ்கூல் பிள்ளைங்களுக்குக் கணக்கும் பிசிக்ஸும் நடத்தணும்."

நான் யோசித்தேன். பெரிய முடிவுகளை இந்த வீட்டில் நான்தான் எடுப்பது. "படிப்புக்கு வயசு ஏதும்மா? தாராளமா சேர்ந்துக்கோ. நான் அனுமதி குடுத்துட்டேன்" என்றேன்.

என் மனைவி உள்ளேயிருந்து, "அவ கழுத்துல தொங்கறது என்னன்னு பாத்தீங்களா? கல்லூரி அடையாள அட்டை. சேர்ந்து முதல் நாள் வகுப்பும் முடிச்சுட்டு வந்து உங்ககிட்ட அனுமதி கேக்கறா" என்றாள்.

எப்படியானாலும் அனுமதி கொடுத்தது நான்தான்.

பயிற்சிக் கல்லூரியில் கூடப் படித்தவர்கள் எல்லாம் இருபதைத் தாண்டி ஒன்றிரண்டு வயதுதான். எல்லோருக்கும் இவள் அக்கா. இவளுக்குப் பாடம் தெரியும். கணக்கு என்றால் கரைத்துக் குடித்தவள். ஆனால் கரும்பலகையில் எழுதுவது தனி வித்தை என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. எழுதுகிறவள் முதுகு எழுத்தை மறைக்கக் கூடாது, வரி மேலே ஏறவும் கூடாது, சரியவும் கூடாது, வட்டம் போட்டால் முட்டை ஆகக் கூடாது. வீட்டில் கரும்பலகைக்கு எங்கே போவது? என் வண்டிகளில் ஒன்றுக்குக் கருநீலப் பெயின்ட். அதன் பக்கவாட்டில் எழுதிப் பழகினாள். ஒரு நாள் அழிக்க மறந்துவிட்டாள். வண்டி முழுக்க ஒரு சமன்பாட்டோடு ஊரைச் சுற்றியது. மத்தியானம் யாரோ ஒருவர் போன் செய்தார்.

"உங்க வண்டி எங்க வீட்டைத் தாண்டிப் போச்சுங்க. மூணாவது வரியில மைனஸ் விட்டுப்போயிருக்கு."

மருமகள் அன்று என் போனைப் பிடுங்கி அவருக்கு நன்றி சொன்னாள். அந்த மனிதர் அடுத்த மாதம் வீடு மாற்ற எங்களைத்தான் கூப்பிட்டார். விளம்பரம் என்றால் இதுதான் என்று மகனிடம் சொன்னேன்.

பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் முன்பு கல்லூரியிலேயே ஒத்திகை பார்ப்பார்கள். ஒருவர் பாடம் நடத்த, கூடப் படிக்கிறவர்களே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிப்பார்கள். எட்டாம் வகுப்புப் பையனாக நடித்தவனுக்கு முறுக்கு மீசை இருந்ததாம். இவள் கேள்வி கேட்டதும் மீசைக்காரன் எழுந்து அட்சர சுத்தமாகப் பதில் சொல்வான். அவனும் கணக்கில் பட்டம் வாங்கியவன்தானே! பாடம் சும்மா வழுக்கிக்கொண்டு போகும். எல்லோரும் கைதட்டுவார்கள். எல்லாம் தெரிந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தே இவள் நல்ல டீச்சர் என்று பெயர் வாங்கிவிட்டாள். ஏமாந்தது அந்த இடத்தில்தான்.

பிறகு ஒரு நிஜப் பள்ளிக்கூடத்துக்கு, ஒன்பதாம் வகுப்புக்கு, கற்பித்தல் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கல்லூரியிலிருந்து ஒரு விரிவுரையாளர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்து மதிப்பெண் போடுவார். அவருக்குத் தராசு என்று பட்டப்பெயர். மதிப்பெண் போடும் முன் தலையை இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை சாய்ப்பாராம். எந்தப் பக்கம் நின்றதோ அதுதான் தீர்ப்பு.

முதல் முறை தராசு வந்த அன்று கணக்குப் பாடம். இவள் கேள்வி கேட்டாள், இவளே பதில் சொன்னாள். "அடுத்து என்ன பண்ணணும்? எக்ஸை இந்தப் பக்கம் கொண்டு வரணும். அப்புறம்? ரெண்டால வகுக்கணும். அவ்வளவுதானே? அவ்வளவுதான்." பாதி நேரத்தில் பாடம் முடிந்துவிட்டது. மீதி நேரத்துக்கு என்ன செய்வதென்று தெரியாமல் முதலிலிருந்து இன்னொரு தரம் நடத்தியிருக்கிறாள். அதுவும் சீக்கிரம் முடிந்துவிட்டது.

"வகுப்பு ரொம்ப அமைதியா இருந்துச்சு சார்" என்று அவரிடம் பெருமையாகச் சொன்னாளாம்.

"தூங்கும்போதும் அமைதியாத்தாம்மா இருப்பாங்க" என்றார் தராசு. "இன்னைக்கு அந்த ரூம்ல யோசிச்சது ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்கு ஏற்கெனவே கணக்கு தெரியும்."

தலை இடப்பக்கம் சாய்ந்து அங்கேயே நின்றுவிட்டது. பெயில்.

இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் அந்த வருஷப் பயிற்சி முழுவதும் தண்ணீரில் போட்ட உப்பு, திரும்ப முதலிலிருந்து படிக்க வேண்டும். அது மட்டும் இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர் ஓய்வு பெறப்போகிறார். "நீங்க பாஸ் பண்ணிட்டா அந்த இடம் உங்களுக்குத்தான். இல்லன்னா வேற ஆளைப் பார்த்துடுவேன், எனக்கு வேற வழியில்ல" என்று தலைமையாசிரியை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வேலை போய் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த ஒரு நாற்காலி எவ்வளவு பெரிதென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். என் மனைவி சமையலறையில் நின்று "அந்த..." என்று இழுத்தாள். பதில் இல்லை. இன்னொரு தரம் "அந்த..." என்றாள். அப்போதும் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து மருமகள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இவங்களே தேடிக்கட்டும்னு விட்டுட்டியா, இல்ல நிஜமாவே ஏதாவது ஆயிடுச்சா?" என்று கேட்டாள்.

"பெயில் ஆயிட்டேன் அத்தை. எனக்கு வாயை மூடத் தெரியலையாம்."

"அது பரம்பரை வியாதி" என்று என் மனைவி என்னைப் பார்த்தாள். "உனக்கு எப்படி வந்துச்சுன்னுதான் தெரியல. ரத்த சம்பந்தமும் இல்ல."

தராசு ஒரு மருந்தும் சொல்லி அனுப்பியிருந்தார். கேள்வி கேட்டவுடன் சாக்பீஸைக் கீழே வைத்துவிட வேண்டும். பிள்ளைகளிடமிருந்து பதில் வரும்வரை எடுக்கக் கூடாது. சாக்பீஸ் கீழே இருக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. அவ்வளவுதான் மருந்து. பத்தியம்தான் கடினம்.

மறுநாளிலிருந்து எங்கள் கூடம் வகுப்பறையானது. நான், என் மனைவி, மகன் மூவரும் மாணவர்கள். மருமகள் கேள்வி கேட்டு, சாக்பீஸை மேசைமேல் வைத்தாள்.

"ஒரு வண்டி ஒரே வேகத்துல போகுதுன்னா..."

"டீசல் மிச்சம்!" என்றேன்.

"மாமா, நான் இன்னும் கேள்வியை முடிக்கல."

"நீ மட்டும் நான் முடிக்க விட்டிருக்கியா?"

"வெளியே நில்லுங்க மாமா."

நாற்பது வருஷம் உழைத்து நான் கட்டிய வீட்டு வாசலில் என்னை நிற்க வைத்தாள். நான் நின்றேன். பள்ளிக்கூட ஒழுங்கு என்றால் ஒழுங்குதான். ஜன்னல் வழியாகப் பதில் சொன்னதற்கு ஜன்னலையும் சாத்திவிட்டாள்.

முதலில் அவளால் முடியவில்லை. கை சாக்பீஸைக் கீழே வைக்கும், உதடு தானாக அசையும். சாக்பீஸ் இல்லாத இடத்திலும் பழகினாள். பரிமாறும்போது "இன்னும் கொஞ்சம் போடவா?" என்று கேட்டு, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிற்பாள். என் மகன் யோசித்துப் பதில் சொல்கிற ஆள். தட்டு காய்ந்துவிடும்.

அவளுக்கு வழி பிறந்தது என் மனைவியால். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை, அவளைத் தேர்ந்தெடுத்துக் கட்டியவன் நான்தானே. ஒரு காலை அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே மருமகள் உட்கார்ந்தாள்.

"அத்தை, கதவுக்குக் கைப்பிடியை ஏன் கீல் பக்கத்துல வைக்கல? ஏன் அந்தக் கோடியில வச்சிருக்காங்க?"

சாக்பீஸ் தரைக்குப் போனது.

என் மனைவிக்குப் பதில் தெரியாது. தெரியாததைப் பற்றி அவளுக்கு வெட்கமும் இல்லை, அவசரமும் இல்லை. ஒரு வெங்காயத்தை உரித்து முடித்தாள். அடுத்ததை எடுத்தாள். மருமகள் கைவிரலைக் கைவிரலால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வேர்வை. என் மனைவி எழுந்து போய்க் கதவைக் கீல் ஓரமாக ஒரு தள்ளு தள்ளினாள். முக்கினாள். கதவு அசைந்து கொடுக்கவில்லை. அந்தக் கோடிக்குப் போய் ஒரு விரலால் தள்ளினாள், பறந்துகொண்டு போனது. திரும்பக் கீல் ஓரம் வந்தாள். பிறகு மெதுவாக, அவள் முகம் முழுக்க ஒரு வெளிச்சம்.

"ஏண்டி, கிட்ட நின்னு தள்ளினா முரண்டு பிடிக்குது, எட்ட நின்னு தள்ளினா சொன்ன பேச்சு கேக்குது! உன் மாமா மாதிரி!"

மருமகள் சிரிக்கவில்லை. அத்தை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை என் மகனிடம் சொன்னாளாம், "அத்தை முகம் அப்படி ஆனதை நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்லங்க. அவங்க தேடற டப்பாவை நான் முந்தி எடுத்துக் குடுத்துட்டே இருந்துட்டேன்." மகன் இதற்கு என்ன பதில் சொன்னான் என்று கேட்காதீர்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருப்பான்.

இரண்டாம் முறை பார்வைக்கு அவள் எடுத்துக்கொண்ட பாடம் நெம்புகோல். கதவிலிருந்துதான் அந்த யோசனை. முதலில் ஒரு அளவுகோலையும் பென்சிலையும் வைத்து நடத்தப்போவதாகச் சொன்னாள். தராசு ஒத்துக்கொள்ளவில்லை. "கடைசி பெஞ்சுல இருக்கறவனுக்கு அளவுகோலும் தெரியாது, பென்சிலும் தெரியாது. பெருசா ஏதாவது கொண்டு வாங்க" என்றாராம்.

பெரிதாக என்றால் எங்கள் வீட்டைத் தவிர வேறெங்கே போவாள்? பீரோவை வண்டியில் ஏற்றப் போடும் பலகை இருக்கிறது. நல்ல கனம், ஆள் உயரத்துக்கு இரண்டு பங்கு நீளம். சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டை இருக்கிறது. பாரம் மட்டும்தான் வேண்டும்.

"என் பையனைக் கூட்டிட்டுப் போயேன்" என்றாள் என் மனைவி.

"அவரை ஒரு பொண்ணு நெம்புகோல் இல்லாமலே தூக்கிடுவா அத்தை. பாரம்னா பார்த்ததும் பிள்ளைங்களுக்கு மலைப்பு வரணும்."

இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

நான் மறுப்பேனா? என் உடம்பு சும்மா வந்த உடம்பு இல்லை. உழைத்துச் சேர்த்தது. முற்றத்தில் ஒத்திகை நடந்தது. பலகையின் ஒரு முனையில் நான் உட்கார்ந்தேன். கட்டையை என் பக்கமாக நகர்த்தி வைத்து, மறுமுனையை என் மனைவி அழுத்தினாள். நான் அப்படியே அந்தரத்தில் எழும்பினேன்.

"கல்யாணமான நாள்லருந்து இவரைத் தாங்கிட்டுதான் இருக்கேன். தூக்கறது இன்னைக்குத்தான்" என்றாள் அவள்.

"இதெல்லாம் எனக்கு எப்பவோ தெரியும்மா. பீரோவை நெம்பாத கையா இது?" என்று மருமகளிடம் சொன்னேன்.

"உங்களுக்கு எப்படின்னு தெரியும் மாமா. ஏன்னு தெரியாது. பிள்ளைங்க ஏன்னு கண்டுபிடிக்கணும். அதனால ஒரே ஒரு நிபந்தனை." விரலைத் தூக்கினாள். "வகுப்புல நீங்க மாமா இல்ல. பாரம். பாரம் பேசாது. கண்ணடிக்காது. தலையாட்டாது."

"தும்மல் வந்தா?"

"பாரம் தும்மாது."

அந்த நாள் வந்தது. பலகையையும் கட்டையையும் நானும் மகனுமாக வண்டியில் கொண்டு போய் இறக்கினோம். இடுப்பு உயரத்துக்கு நீலமும் மேலே வெள்ளையும் அடித்த வகுப்பறை. தலைக்கு மேலே டக் டக் என்று ஒரு மின்விசிறி. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்கத் தராசு உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பலகை முனையில் உட்கார்ந்ததும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

"டீச்சர், இவர் எத்தனை கிலோ?"

"பார்த்துச் சொல்லுங்க."

"நூறு!" என்றது ஒரு குரல். "எழுபது!" என்றான் இன்னொருவன். குறைத்துச் சொன்னவனை நான் முறைத்துப் பார்த்துக்கொண்டேன்.

"டீச்சர், அவர் காலை ஊனியிருக்காரு! ஏமாத்தறாரு!"

கால்களை மடக்கிச் சம்மணம் போட்டேன். ஏமாற்றுக்காரன் என்று இதுவரை என்னை யாரும் சொன்னதில்லை.

மருமகள் முன்வரிசையிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டாள். வகுப்பிலேயே பொடிசு. பிள்ளைகள் அவளைக் குண்டூசி என்றுதான் கூப்பிட்டார்கள். பலகையின் மறுமுனையில் அவளை நிறுத்தினாள்.

"இவ இவரைத் தூக்கணும். கட்டையை எங்க வைக்கணும்?"

சாக்பீஸ் மேசைக்குப் போனது.

"நடுவுல!" என்றான் ஒருவன். நடுவில் வைத்தார்கள். குண்டூசி முழுப்பலத்தோடு அழுத்தினாள். பலகை அசையவில்லை. ஒரே சிரிப்பு. மருமகள் "தப்பு" என்று சொல்லவில்லை. சாக்பீஸையும் எடுக்கவில்லை.

"அவ பலம் இல்லாதவ. அவ பக்கத்துல வச்சா ஈஸியா இருக்கும்" என்றாள் ஒரு கண்ணாடிக்காரப் பெண். அவள் பக்கத்தில் வைத்தார்கள். குண்டூசி தரையிலிருந்து எம்பிப் பலகைமேல் தொங்கியே பார்த்தாள். நான் குத்துக்கல்லாக இருந்தேன். இந்தத் தரம் சிரிப்பு கொஞ்சம் குறைவு. பிறகு சத்தமே இல்லை.

அந்த மௌனத்தை எப்படிச் சொல்வேன்? மின்விசிறி மட்டும் டக் டக். நாற்பது தலைகள் பலகையையும் கட்டையையும் மாறி மாறிப் பார்த்தன. எனக்குப் பதில் தெரியும். நெஞ்சில் இருந்த பதில் தொண்டைக்கு வந்தது, தொண்டையிலிருந்து நாக்கு நுனிக்கு வந்தது. பற்களைக் கடித்தேன். "என் பக்கம் தள்ளுங்கடா" என்ற மூன்று சொல்தான். என் வாழ்க்கையில் எத்தனையோ பாரம் தூக்கியிருக்கிறேன். அந்த மூன்று சொல்லை மாதிரி ஒரு பாரத்தைத் தூக்கியதில்லை. என்னையும் அறியாமல் கண் கட்டையைப் பார்த்தது. சட்டென்று விசிறியைப் பார்த்தேன்.

மருமகளைப் பார்த்தேன். கைவிரலைக் கைவிரலால் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியில் வேர்வை. ஆனால் உதடு அசையவில்லை.

அப்போது பின்வரிசையில் ஒரு செருமல். தராசு! கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற அதே தராசு, பொறுக்க மாட்டாமல் முன்னால் சாய்ந்து, "பிள்ளைங்களா, அந்தக் கட்டையை..." என்று ஆரம்பித்தார்.

மருமகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளங்கையை அவர் பக்கம் நீட்டினாள். நில் என்று வண்டியை நிறுத்துவார்களே, அந்த மாதிரி.

தராசு வாய் திறந்தபடியே நின்றது. பாஸ், பெயில் எல்லாம் அந்த மனிதர் கையில். ஐயோ, கவிழ்த்துவிட்டாளே என்று நினைத்தேன். உதவிக்கு ஒரு வார்த்தை சொல்லலாம் என்றால் நான் பாரம்.

குண்டூசி இதையெல்லாம் பார்க்கவில்லை. அவள் பாட்டுக்குப் பலகையை விட்டு இறங்கினாள். கண்ணாடிக்காரியிடம், "இந்த முனையைத் தூக்கிப் பிடி" என்றாள். தூக்கியதும் கட்டையைக் காலால் ஒரு உதை உதைத்து என் பக்கம் தள்ளினாள். வந்து அழுத்திப் பார்த்தாள். பலகை லேசாக முனகியது. மறுபடி போய் இன்னும் ஒரு உதை. அழுத்தினாள். மறுபடி ஓர் உதை, கட்டை என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இந்தத் தரம் அவள் ஓடி வந்து பலகை முனைமேல் வயிற்றைப் போட்டுத் தொங்கினாள்.

நான் எழும்பினேன்.

வகுப்பு போட்ட கூச்சலில் பக்கத்து அறை ஆசிரியர் எட்டிப் பார்த்தார். குண்டூசி தொங்கிக்கொண்டே, "டீச்சர், கட்டை எங்கிட்டருந்து தூரமாப் போனா அவர் லேசாயிட்டே வராரு!" என்று கத்தினாள். அவள் முகத்தைப் பார்த்தேன். வெங்காயக் கையோடு கதவருகில் நின்ற என் மனைவியின் முகம்தான் அது, வயசு மட்டும் குறைவு.

மருமகள் அப்போதும் சாக்பீஸை எடுக்கவில்லை. "ஏன்?" என்று மட்டும் கேட்டாள். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே போனார்கள். தராசு எழுந்து, தலையை இடப்பக்கம் சாய்த்தார், வலப்பக்கம் சாய்த்தார், எதிலும் நிற்காமலே நடந்தார். என்னைத் தாண்டும்போது, "நீங்க இன்னும் இறங்கலையா?" என்றார். இறங்கலாம் என்று யாரும் சொல்லவில்லையே!

அடுத்த பிரிவுப் பிள்ளைகளும் பார்க்க வேண்டுமென்று பலகையை அங்கேயே விட்டுவிட்டு, மகனும் நானும் வண்டியில் வந்துவிட்டோம். மத்தியானம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த உள்ளங்கையே கண்ணில் நின்றது. மாலை அவள் கேட்டைத் திறந்ததும் வாசலிலேயே மறித்தேன்.

"என்னம்மா ஆச்சு? பாஸா? கையைக் காட்டினதுக்கு அந்த மனுஷன் கோச்சுக்கிட்டாரா? நான் வந்து பேசணுமா?"

அவள் பையை வைத்தாள். தண்ணீர் குடித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மாமா, பலகையைத் திருப்பிக் கொண்டு வர வேண்டாம்னு சொல்லிட்டேன். ஏன்னு சொல்லுங்க."

பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"வண்டி இல்லாம எப்படி எடுத்துட்டு வருவே, அதானே?"

பதில் இல்லை.

"உடைஞ்சு போச்சா? நான் உட்கார்ந்து உடையற பலகையில்லம்மா அது!"

சாக்பீஸை அவள் எடுக்கவில்லை. வாசல்படியில் நின்ற என் மகன் மெதுவாகச் சிரித்தான். எப்போதும் கடைசியில் புரிகிற அவனுக்கே புரிந்துவிட்டது! என் மனைவி முந்தானையால் வாயை அழுத்திப் பிடித்துக்கொண்டாள், அவளுக்கும் புரிந்துவிட்டது. எனக்கு மட்டும்தான் புரியவில்லை. காலையில் நாற்பது பிள்ளைகள் பட்ட பாடு எனக்கு அப்போது தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன். பலகை அங்கேயே இருக்கிறது. இருக்கட்டும். ஏன் இருக்க வேண்டும்? வேலை முடிந்ததே. முடிந்ததா? நெம்புகோல் பாடம் அடுத்த வருஷமும் வரும். அடுத்த வருஷமும் பலகை வேண்டும். அந்தப் பலகையை வைத்துப் பாடம் நடத்துவது...

"நீ! நீதான் நடத்தப்போறே! இடம் கிடைச்சிடுச்சு!" என்று எழுந்தேன்.

மருமகள் சாக்பீஸை எடுத்தாள். அப்புறம்தான் சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு.

"உங்க முகத்தை நீங்க பார்த்திருக்கணும் மாமா."

"அவர் என்னதான்டி சொன்னார்?" என்று என் மனைவி முந்தானையை எடுத்தாள்.

"கையைக் காட்டினதுக்கு ஒரு மார்க் குறைச்சாராம். 'வாயைத் திறந்ததுக்கு எனக்கு நானே ரெண்டு மார்க் குறைச்சுக்கிட்டேன்'னு சொன்னார் அத்தை. பாஸ்."

அந்தப் பலகை இப்போது பள்ளிக்கூட ஆய்வகத்தில் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. மேலே பள்ளிக்கூடத்தின் பெயரைப் பெயின்டால் எழுதிவிட்டார்கள். அதற்குக் கீழே என் பெயரையும் எழுதச் சொன்னேன். பார்க்கலாம் என்றிருக்கிறார் தலைமையாசிரியை. முந்திரிக்கொட்டை என்ற பட்டத்தை மருமகளிடமிருந்து பறித்து என் மனைவி எனக்குக் கொடுத்துவிட்டாள்.

வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு நெம்புகோல் வரும்போது எனக்கும் அழைப்பு வருகிறது. போய்ச் சம்மணம் போட்டு உட்கார்கிறேன். வாயைத் திறப்பதில்லை. இந்தத் தடவை மருத்துவர் என் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு எடையைக் குறைக்கச் சொன்னார். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். பிள்ளைகள் படிப்பு கெட்டுப்போகும்.